ஒரு ரூபாய்க்கு நாலு ரூபாய்

பரசுராமன் கிண்ணத்திலிருந்து முந்திரிப் பருப்பை ஒவ்வொன்றாக எடுத்து, உப்பை மேஜைமேல் தட்டிவிட்டு, வாயில் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே நின்றுகொண்டு பெர்சிஸ், ஒரு தொழிலாளி தன்னிடம் வந்து அழுததைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அழட்டும்மா. யார் வேண்டாம்னா?” பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கால் துழாவியபடி கேட்டார் பொதுமேலாளர். “அவன் அழுகையை நிறுத்தினா கம்பெனிக்கு என்ன வரும்? அதைச் சொல்லு.”

பெர்சிஸுக்கு அந்த நாக்கைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஐந்தடுக்கில் கண்டெய்னர் பெட்டிகள். மணலி ஆலைகளின் காற்றோடு வருகிற அழுகிய முட்டை நாற்றம் யார்டு முழுவதும் சுற்றும், இந்த ஏ.சி. அறைக்குள் மட்டும் வராது. இன்று வந்துவிட்டது போலிருந்தது.

மாத்தூரைத் தாண்டியிருந்த அந்த கண்டெய்னர் யார்டில் அவள் மனநல ஆலோசகர். வெளிநாட்டுக் கப்பல் கம்பெனி ஒன்று, ‘உங்கள் ஆட்களின் மனநலத்துக்கு என்ன செய்கிறீர்கள்?’ என்று கேட்டுவைத்ததால் முளைத்த வேலை. டைம் ஆபீசுக்கும் கழிவறைக்கும் நடுவில் ஒரு தகர அறை போட்டு, இரண்டு நாற்காலியும் ஒரு சூரியகாந்திப் படமும் வைத்தார்கள். ஆட்கள் அதற்கு ‘லூசு ரூம்’ என்று பெயர் வைத்தார்கள். யார் உள்ளே போனாலும் மொத்த யார்டும் பார்க்கும். ஆகவே யாரும் போகவில்லை. பெர்சிஸ் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கேண்டீன் பின்பக்கம் போய் உட்கார்ந்த பிறகுதான் ஒருவர், இருவர் என்று டீ டம்ளரோடு வந்து பேச ஆரம்பித்தார்கள்.

“அடுத்த புதன்கிழமை மீட்டிங். லாபம் காட்டு. ரூம் இருக்கும். காட்டலைன்னா அதுல பழைய டயரைப் போட்டுப் பூட்டிடுவேன்” என்றார் பரசுராமன். விரலில் ஒட்டிய உப்பை நக்கிவிட்டு, அதே விரலால் கதவைக் காட்டினார்.

வெளியே டெரிக் காத்திருந்தான். மனிதவளப் பிரிவின் மேனேஜர். அவளைப் போலவே ராயபுரத்துக்காரன். மேலதிகாரிகளிடம் பேசும்போது ஆபீஸ் தமிழ், அவளிடம் மட்டும் வீட்டுத் தமிழ்.

“அழுகையெல்லாம் எடுத்துடு பெர்சி. அவருக்கு அதெல்லாம் புரியாது. துட்டு போடு.”

“மனுசன் தூங்காததுக்கு எவ்ளோ துட்டுன்னு போடறது?”

“அத்ததான் போடணும். இன்னா மூஞ்சி சுளிக்கிற? ரூம் ஓணுமா, ஓணாமா?”

அறை வேண்டும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவள் போனால் அந்த ஆட்கள் பேச வேறு ஆளில்லை. குடிப்பார்கள், அல்லது வீட்டில் போய் அடிப்பார்கள். ஆகவே உட்கார்ந்து போட்டாள். தூக்கமில்லாத ஆபரேட்டர் ஒரு பெட்டியைத் தவறவிட்டால் எவ்வளவு. மனம் நொந்து லீவு போட்டால் ஒரு ஷிஃப்டுக்கு எவ்வளவு. சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விட்டால், புது ஆளைப் பழக்க எவ்வளவு. மனநலத்துக்குப் போடுகிற ஒரு ரூபாய் நாலு ரூபாயாகத் திரும்பி வருகிறது என்று வெளிநாட்டில் யாரோ கணக்குப் பார்த்திருந்தார்கள். அவள் கணக்கும் கிட்டத்தட்ட அங்கேதான் போய் நின்றது. கணக்கில் பொய் இல்லை. ஆனாலும் போட்டு முடித்ததும் எழுந்து போய் சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

புதன்கிழமை மேஜையைச் சுற்றி பரசுராமனும் ஷிஃப்ட் அதிகாரிகளும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சமோசாத் தட்டு. பெர்சிஸ் ரூபாயைச் சொன்னாள். பரசுராமன் முதல்முறையாக மெல்லுவதை நிறுத்தினார்.

“சும்மா நம்பர் வேண்டாம். ஒரு ஆளைக் காட்டு. உன்னால தேறினவன் ஒருத்தன்.”

அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள். கேண்டீன் பின்பக்கம் தன்னிடம் வந்து பேசிய சாலமன் என்ற ஆபரேட்டரின் கதையை எடுத்தாள். பெயரைச் சொல்லவில்லை. வயதில் பத்தைக் குறைத்தாள். வீட்டை ராயபுரத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மாற்றினாள். வேண்டாத எதுவும் வெளியே தெரியாது என்று நிச்சயமாக நம்பினாள்.

“ஒரு ஆபரேட்டர். நாப்பதை நெருங்கறவர், வீடு கும்மிடிப்பூண்டி. முன்னாடி வேலை செஞ்ச இடத்துல, ரெண்டு பெட்டிக்கு நடுவுல ஒரு கிளீனர் பையன் நசுங்கினதைக் கண்ணால பார்த்தவர். அதிலேருந்து, ஒவ்வொரு பெட்டி இறக்கும்போதும் கீழே யாரோ நிக்கிறாங்கன்னு தோணும். மிஷினை நிறுத்திட்டு இறங்கி, குனிஞ்சு பார்த்துட்டு, திரும்ப ஏறுவார். வேலை பாதிக்குப் பாதி குறைஞ்சது. வேலையை விட்டுத் தூக்கறதா இருந்தாங்க. டாக்டர்கிட்ட அனுப்பினோம். மாத்திரை, வாரம் ஒரு தடவை பேச்சு. இப்ப அவர் இறங்கறதே இல்லை. அவர் வரிசையில ஒரு பெட்டியிலகூடக் கீறல் விழலை.”

ஒரு ஷிஃப்ட் அதிகாரி சமோசாவைக் கீழே வைத்துவிட்டுத் தொடையைத் தட்டினார்.

“அட! நம்ம ஒம்பதாம் நம்பரு! சுகர்னு சொன்னானே சார்! ஒண்ணுக்கு முட்டுது, ஒண்ணுக்கு முட்டுதுன்னு இறங்குவான்!”

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு வெடித்தது. ஒருவருக்கு டீ புரையேறியது.

பெர்சிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. யார்டில் யாருக்கும் பெயர் கிடையாது. வாக்கி டாக்கியில் காலையிலிருந்து மாலைவரை ‘ஒம்பது, ஏழாம் வரிசைக்கு வா’, ‘நாலு, எங்க தொலைஞ்ச?’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டி தூக்கும் ரீச் ஸ்டேக்கர் வண்டியின் நம்பர்தான் ஆள். அந்த ஆள் வண்டியை வைக்கும் விதம், இறங்கும் விதம்தான் அவன் முகம். அவளிடம் வந்து பேசியவர்களுக்கு மட்டும்தான் பெயர் இருந்தது. யாருக்கும் தெரியாத பெயரை ஒளித்துவிட்டு, எல்லாருக்கும் தெரிந்த வழக்கத்தை அவள் மேஜைமேல் வைத்துவிட்டாள்.

“பிரமாதம்!” என்றார் பரசுராமன். “ரூம் இருக்கட்டும். பெருசாவே கட்டலாம். டெரிக், ஏ.சி. போடு, சோபா போடு. கப்பல்காரன் வந்தா கூட்டிட்டுப் போய்க் காட்டணும்.” அடுத்த சமோசாவை எடுத்தார். “அந்த ஒம்பதை நாளைக்கே வண்டியை விட்டு இறக்கு.”

“சார்? அவர் இப்ப நல்லா இருக்கார்னுதான் சொன்னேன்…”

“மாத்திரை சாப்பிடறான்னும் சொன்னே. மூணு கோடி ரூபா வண்டிம்மா. ஒரு விபத்து நடந்தா எவ்வளவு போகும்னு இப்ப நீதானே போட்டுக் காட்டினே? நாலு ரூபா எப்படித் திரும்பி வரும்? இப்படித்தான் வரும். இவன் மாதிரி இன்னும் யார் யார் உன்கிட்ட வர்றாங்கன்னு சனிக்கிழமைக்குள்ள சொல்லிடு.”

அவர் உதட்டோரத்தில் உருளைக்கிழங்கு மசாலா ஒட்டியிருந்தது. பெர்சிஸ் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

மறுநாள் சாலமன் கேட்டில் நின்றார். உள்ளே வரும் டிரெய்லர்களில் ஏறிப் பெட்டிக் கதவின் ‘சீல்’ உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கும் வேலை. புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்வது. வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தரும் படியும் ஓவர்டைமும் கிடையாது. ஐம்பதை நெருங்கும் மனிதர், தூசியில் கண்ணை இடுக்கிக்கொண்டு ஏறி இறங்கினார். கதை அதற்குள் யார்டு முழுக்கப் பரவியிருந்தது. நாலாம் நம்பர் வண்டியிலிருந்து தேசப்பன் தலையை நீட்டிக் கத்தினான்.

“இன்னா மாமு! பொட்டிக்குக் கீய எவனாச்சும் குந்திகினு கீறானா, நல்லா பாத்தியா?”

கேட்டில் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். சாலமன் திரும்பவில்லை.

பெர்சிஸ் அவரருகில் போனாள். “அண்ணே, உங்க பேரை நான் சொல்லவே இல்லண்ணே.”

“பேரச் சொல்லியிருந்தாக்கூட எவனுக்கும் தெரிஞ்சிருக்காது பெர்சிஸ்மா.” அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. “இங்க எனுக்கு பேரே ஒம்பதுதான. எம் பொஞ்சாதிகிட்டகூட சொல்லாதத உங்கிட்ட சொன்னேன். நீ சமோசா துன்னுகினு இருந்தவனுங்களுக்கு எடுத்துக் குடுத்துட்ட.”

“நான் கப்பல் கம்பெனிக்கே எழுதறேன். ரகசிய விதியை மீறிட்டாங்கன்னு…”

“எழுதி? அதுல யாரோட கதய எழுதுவ?”

சாலமன் கண்ணில் விழுந்த தூசியைத் துடைத்துக்கொண்டார்.

“எங்கதய இன்னொருவாட்டி எவன்கிட்டயும் சொல்லாத. எனுக்கு வண்டி ஓணும். அவ்ளோதான். வேற எதுவும் ஓணாம்.” அடுத்த டிரெய்லர் ஹாரன் அடித்தது. ஏறிவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் பெர்சிஸ் காசிமேட்டுக்குப் போனாள். சாலமனின் மனைவி ஃப்ளோரன்ஸ் அங்கே மீன் விற்பவள். பாறை மீன் ஒன்றை மிதித்துப் பிடித்தாற்போலப் பலகையில் அழுத்தி, செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். பெர்சிஸைப் பார்த்தும் கத்தி நிற்கவில்லை. செதில்கள் பெர்சிஸின் துப்பட்டாவில் வந்து ஒட்டின.

“வாமே. இன்னா, மீன் ஓணுமா? இல்ல, இங்க எவன் கதயாச்சும் ஓணுமா?”

“அக்கா, மன்னிப்புக் கேக்க வந்தேன்.”

“மன்னிப்பக் கொண்டும்போய் கொய்ம்புல போடு.” மீனைத் திருப்பிப் போட்டாள். “சுகருன்னான். நானும் நம்பிகினேன். கூழு, கீரை, பாவக்கான்னு போட்டுக் கொன்னேன். சக்கர இல்லாத டீயக் குடிச்சிகினு கீறான் மனுசன், ஒரு வார்த்த சொல்லாம! கிறிஸ்மஸுக்கு ஒரு துண்டு கேக் கேட்டான். கையிலயே அடிச்சேன்மே நானு!”

அவள் கத்தி அப்போதுதான் நின்றது. செதிலும் ரத்தமும் அப்பிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பார்த்தாள்.

“பயித்தியக்காரனோட குடும்பம் நடத்தறேன்னு நாலு பேரு வந்து துக்கம் விசாரிச்சிட்டுப் போறாளுங்க. அத்த வுடு. இப்ப இன்னா பண்ணிக்கீறான் தெரியுமா? மாத்திரயெல்லாம் சாக்கடைல கொட்டிட்டான்.”

“ஏன்க்கா?”

“உங்க பெரிய மேனேஜரு சொன்னாராம். மாத்திர துன்றது இல்லன்னு அந்தம்மா எழுதிக் குடுத்தா திரும்ப வண்டில ஏத்தறேன்னு. நிறுத்தினதுலேர்ந்து கண்ண மூடல. கட்டிலு கீய குனிஞ்சி குனிஞ்சி பாக்கறான். பேரப்புள்ள கீய கீதான்னு கேக்கறான். புள்ள எம் மடியில தூங்கிகினு கீது!”

மாத்திரையால் நலமாக இருந்தவரை வண்டியிலிருந்து இறக்கியாயிற்று. மாத்திரையை நிறுத்தி நடுங்குகிறவரை ஏற்றத் தயாராக இருக்கிறார்கள். இதற்குப் பெயர் பாதுகாப்பு.

திங்கட்கிழமை அரசு மருத்துவமனை டாக்டரின் கடிதத்தோடு பரசுராமன் முன்னால் போய் நின்றாள். அவர் சோபா படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பச்சையா, நீலமா? மனசுக்கு எதும்மா நல்லது? உனக்குத்தான் தெரியும்.”

“சார், இதைப் படிங்க. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே அவர் வண்டி ஓட்டலாம்னு டாக்டரே எழுதியிருக்கார். சாப்பிடலைன்னாதான் ஆபத்து.”

அவர் கடிதத்தைத் தொடவில்லை. ஒரு விரலால் அவள் பக்கமே தள்ளினார். “மேலே மனநலப் பிரிவுன்னு அச்சடிச்சிருக்கே. இதை ஃபைல்ல வெச்சா, நாளைக்கு எவனோ பெட்டியை இடிச்சாலும் இன்ஷூரன்ஸ்காரன் இதைத்தான் தூக்குவான். ‘இவர் எந்த மருந்தும் சாப்பிடறதில்லை, மனநிலை நல்லா இருக்கு’ன்னு நீ ஒரு வரி எழுது. இந்த வாரம் ரெண்டு கப்பல் வருது, எனக்கும் ஆள் இல்லை. ஏத்திடறேன்.”

“நிஜமாவே சாப்பிடாம இருந்தா? ஆள் செத்துப்போவாங்க சார்.”

“நீ எழுதினப்புறம் அது உன் பொறுப்பு.” அவர் சிரித்தார். முந்திரித் துணுக்குகள் ஈறில் தெரிந்தன. “சரி, மத்த பேரெல்லாம் எங்க? சனிக்கிழமை போயிடுச்சே.”

“யாரும் இல்ல சார்.”

“ஒருத்தர் கூடவா?”

“இனிமே ஒருத்தர் கூட வரமாட்டாங்க சார்.”

அவருக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. நீலத்தைத் தேர்ந்தெடுத்தார்.

டெரிக்கின் மேஜையில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை எழுதினாள். டெரிக் எட்டிப் பார்த்தான். “தபாரு, நல்லபடியா முடிஞ்சிதா? இத்த மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல?” என்றான். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் போன் வந்தவனைப் போல எழுந்து போய்விட்டான். கையெழுத்தைப் போட்டாள். காகிதத்தை மேலே அனுப்பவில்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்ததும் சாலமனின் வீட்டுக்குப் போனாள்.

சந்து வீடு. சாலமன் தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். கண்கள் கட்டிலின் அடியைவிட்டு நகரவில்லை. ஃப்ளோரன்ஸ் வாசலில் நின்று அவளை உள்ளே விட்டாள். உட்காரச் சொல்லவில்லை.

பெர்சிஸ் காகிதத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“நா மாத்திர துன்றது இல்லன்னு எழுதிக்கீற.”

“ஆமாண்ணே. அவங்களுக்கு இதுதான் வேணும். இந்தாங்க, மாத்திரை. டாக்டரைக் கேட்டுட்டுத்தான் வாங்கியாந்தேன். நாளைக்குக் காலைல உங்களக் கூட்டியாரச் சொன்னார். அவர் பாத்து, இப்ப ஓட்டலாம்னு சொல்ற அன்னிக்குத்தான் இந்தப் பேப்பர் மேல போகும். அதுவரைக்கும் நீங்க கேட்லயே இருங்க. அதுக்கப்புறமும் மாத்திரைய விடக்கூடாது.”

“அப்ப திரும்ப பொய் சொல்லணும்.”

“ஆமாண்ணே.”

“சுகருன்னு நானா ஒரு பொய் சொல்லிகினு நல்லாத்தான இருந்தேன்? அத்த உட்டுட்டு உண்மய சொல்லுன்னு நீதான சொன்ன? சொன்னா மனசு லேசாயிடும்னு.”

பெர்சிஸ் மாத்திரைப் பட்டையை அவர் பக்கம் நீட்டினாள்.

“நல்ல வைத்தியம்மா.” அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். மாத்திரைப் பட்டையைத் தொடவில்லை.

ஃப்ளோரன்ஸ் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். “இங்க குடு. வாயத் தொற. ஊர்க்காரனுங்களுக்கு எது ஓணுமோ சொல்லிக்க. எங்கிட்ட பொய்யி சொன்ன, அடுப்புக் கட்டையாலயே சாத்துவேன்.” மாத்திரையைக் கொடுத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் விழுங்கும்வரை தாடையைப் பார்த்தாள். பிறகு டீ போட்டாள். சர்க்கரை டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி அள்ளிப் போட்டு அவர் கையில் கொடுத்தாள். பெர்சிஸுக்கு டீ தரவில்லை.

டாக்டர் சம்மதிக்கக் கொஞ்ச நாள் பிடித்தது. அதுவரை பெட்டிகள் தேங்கி நின்றன; பரசுராமன் டெரிக்கைத் திட்டினார்; டெரிக் அவளைத் திட்டினான். சாலமன் ஒன்பதாம் நம்பரில் ஏறிய அன்றே புதிய அறையின் திறப்பு விழாவும் வந்தது. கேசரியில் நெய் மிதந்தது. கப்பல் கம்பெனிக்காரர் வந்து நீல சோபாவில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். ‘மனிதர்களில் முதலீடு செய்கிறோம்’ என்றார் பரசுராமன், மைக்கில். சொல்லும்போது கண் கலங்கியது. அது நிஜமான கண்ணீர் போலத்தான் இருந்தது. பெர்சிஸுக்கு அதுதான் இன்னும் குமட்டியது.

சாலமனின் வண்டி ஏழாம் வரிசையில் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கினார், வைத்தார், பின்னால் வந்தார். அவள் இருந்த பக்கம் ஒருமுறையும் திரும்பவில்லை. இனித் திரும்பமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

எல்லாரும் போன பிறகு புது அறையின் கதவில் ஒரு தலை தெரிந்தது. தேசப்பன். கையில் கேசரித் தட்டு, தொடாமல் அப்படியே. யார்டிலேயே பெரிய வாய்க்காரன், உள்ளே வருவதா வேண்டாமா என்று காலை மாற்றி மாற்றி வைத்தான்.

“மேடம்… சும்மா ஒரு டவுட்டு. நம்ம தோஸ்து ஒருத்தன். அவனுக்கு, இந்த நெஞ்சுக்குள்ள… திடீர்னு மூச்சு நின்னுபுடும் மாதிரி கீதாம். டாக்டரு நெஞ்சுல ஒண்ணும் இல்லன்னுட்டாராம். அவன் எனுக்கு வேண்டியவன், அத்தான்…”

வெளியே டெரிக் பந்தல்காரனிடம் பேசிக்கொண்டிருந்தான். அவன் காது இந்தப் பக்கம் இருந்தது.

பெர்சிஸ் எழுந்து வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். “இங்க வாயைத் திறக்காதீங்க. உங்களப் பத்தியும் பேசாதீங்க, உங்க தோஸ்தப் பத்தியும் பேசாதீங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுக்கு வாங்க. யார்டு சட்டைய மாட்டிக்கினு வராதீங்க.”

தேசப்பன் நீல சோபாவைப் பார்த்தான். ஏ.சி.யைப் பார்த்தான். “அப்ப இந்த ரூமு இன்னாத்துக்கு மேடம்?”

“சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு.”

அவன் புரிந்துகொண்டதுபோலத் தலையாட்டி, கேசரித் தட்டை வாசல் குப்பைக்கூடையில் கவிழ்த்துவிட்டுப் போனான். டெரிக் உடனே உள்ளே வந்தான். புது அறைக்கு முதல் ஆள் வந்த சந்தோஷம் முகத்தில்.

“யாரு, நாலாம் நம்பரா? இன்னா சொன்னான்?”

“கழிவறை எங்கன்னு கேட்டான்” என்றாள் பெர்சிஸ்.